சரிவில் விழித்திருக்கும் சில்லு

இடுக்கி மாவட்டத்து மூலமற்றம் நீர்மின் நிலையம் 780 மெகாவாட்டு மின்சாரம் ஆக்கும் ஆற்றல் படைத்தது. 1976ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1940இல், மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் எழுந்தது. இங்ஙனம் நாட்டுக்கு ஒளி வழங்கும் மலைகளில், தேயிலைச் சரிவொன்றின் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் சிறு கருவி ஒன்றுக்கு மட்டும் மின்கம்பி எட்டுவதில்லை. அது தன்னிடமுள்ள இரண்டு பாட்டரிகளைக் கொண்டே மழைக்காலம் முழுவதும் விழித்திருக்க வேண்டும். அத்தகைய கருவியின் உயிர்நிலையாகிய குறைமின் தொடர்முறைத் தொகுப்புச் சுற்றை வடிவமைக்கும் கலையையும், அதனைக் கற்கும் வழியையும் பற்றியே இங்குச் சில சொல்லக் கருதுகின்றோம்.

இக்கலையால் யாருக்கு என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். விடைக்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளை மூடிற்று. எழுபது உயிர்கள் மாண்டன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாய்த் தேயிலை கிள்ளி வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன அவ்விரவில் நிகழ்ந்த கொடுமை, மறுநாட் காலையிலேதான் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. எச்சரிப்பார் எவரும் இல்லாத இரவு அது.

எச்சரிக்கும் முயற்சியும் இதே மலைகளில் நடந்துள்ளது. மூணாற்றின் அந்தோனியார் காலனியில் 2005ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மண் சரிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்த விசுவ வித்தியாபீடத்தார் அவ்விடத்தைத் தேர்ந்து, மண்ணுக்குள் உணர்கருவிகளை இறக்கி, அவற்றைக் கம்பியில்லா முறையில் பிணைத்து, சரிவைக் கண்காணிக்கும் ஏற்பாடு ஒன்றை அமைத்தனர். 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கனமழை பெய்தபோது அவ்வேற்பாடு தந்த அளவுகளைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஒரு சரிவில் இஃது இயலும் என்பது தெளிவாயிற்று. ஆனால் ஒரு சரிவில் நட்ட கருவி அடுத்த சரிவுக்குக் காவலாகாது. தேவிகுளம் முதல் பீர்மேடு வரை எத்தனையோ சரிவுகள். ஒவ்வொன்றுக்கும் காவல் வேண்டுமாயின், கருவி மலிவாக இருத்தல் வேண்டும். ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் இயங்குதல் வேண்டும். இவ்விரண்டுக்கும் திறவுகோல் மின்சாரச் சிக்கனமே.

மண் பேசும் மொழி

மலை ஏன் சரிகின்றது என்பதை முதலில் சுருங்கக் காண்போம். சரிவிலுள்ள மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பற்றிக் கொண்டிருப்பதால்தான் நிற்கின்றன. மழைநீர் உள்ளிறங்கித் துகள்களுக்கிடையே உள்ள நுண்துளைகளை நிரப்பும்போது, அந்நீருக்கு ஓர் அழுத்தம் உண்டாகின்றது. அவ்வழுத்தம் துகள்களைச் சிறிது விலக்கித் தள்ளுகின்றது. பிடிப்புக் குறைய, மண்ணின் எடையே அதனைக் கீழே இழுத்து விடுகின்றது. ஆகவே நுண்துளை நீரழுத்தத்தை அளப்பதும், மண் எவ்வளவு சாய்ந்தது என அளப்பதும், நிலத்தின் மெல்லிய அதிர்வைக் கேட்பதும், மழையின் அளவைக் குறிப்பதும் கண்காணிப்பின் அடிப்படை வேலைகளாம்.

இவ்வளவுகள் யாவும் தொடர்ச்சியாக மாறுபவை. நீரழுத்தம் படிப்படியாகத் தாவுவதில்லை. மெல்ல மெல்ல ஏறுகின்றது. உணர்கருவி அதனை ஒரு சிறு மின்னழுத்தமாக மாற்றித் தருகின்றது. அஃது ஆயிரத்தில் சில பங்கு வோல்ட்டாக இருக்கும். அதிர்வுக் கருவியிலோ இன்னும் சிறிதாக இருக்கும். இதனைப் பெருக்க வேண்டும். வேண்டாத இரைச்சலை வடிகட்ட வேண்டும். மாறாத ஆதார மின்னழுத்தம் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். பிறகே எண்ணாக மாற்றிக் கணிப்பொறிக்கு அனுப்ப இயலும். எண்ணாக மாறும் வரை உள்ள இவ்வேலைகளைச் செய்யும் சுற்றுகளையே தொடர்முறைச் சுற்றுகள், அதாவது அனலாக் சுற்றுகள், என்கின்றோம். இவற்றையெல்லாம் நகத்தளவினும் சிறிய சிலிக்கன் சில்லொன்றில் ஒருங்கே அமைத்தால் அது தொகுப்புச் சுற்று.

பாட்டரியின் கணக்கு

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைகளில் கிடைக்கும் சிறு பென்சில் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 3 வோல்ட்டு கிடைக்கும். அவற்றின் கொள்ளளவு 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்று கொள்வோம். நம் கருவி பத்து நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு விநாடி விழித்து, 20 மில்லி ஆம்பியர் செலவிட்டுச் செய்தி அனுப்புகின்றது எனலாம். 600 விநாடியில் ஒரு விநாடியே ஆதலின் சராசரி 33 மைக்ரோ ஆம்பியர். உறங்கும் வேளையில் 5 மைக்ரோ ஆம்பியர் செலவு. மொத்தம் 38 மைக்ரோ ஆம்பியர். இவ்வளவே செலவாயின் பாட்டரி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தாங்கும். பாட்டரி தானே மெல்ல வலுவிழக்கும் ஆதலின் நடைமுறையில் சற்றுக் குறையலாம்.

நீரழுத்தம் மணிக்கணக்கில் மாறுவது. பத்து நிமிடத்திற்கு ஒரு முறை பார்த்தாற் போதும். ஆனால் நிலத்தின் அதிர்வு அப்படியன்று. அது எப்போது வரும் என்று எவரும் அறியார். அதனைக் கேட்கும் பெருக்கி கண்ணயராமல் விழித்திருக்க வேண்டும். அப்பெருக்கி ஒரு மில்லி ஆம்பியர் செலவிடுவதாக வைத்துக்கொண்டால் நம் கணக்கு முழுவதும் மாறிவிடுகின்றது. 2,000 மில்லி ஆம்பியர்-மணி எண்பது நாட்களில் தீர்ந்துவிடும். ஜூன் முதல் நாள் புதுப் பாட்டரி இட்டால் ஆகஸ்டு இருபதை ஒட்டி அது மாண்டுபோம். பருவமழையோ செப்டம்பர் வரை நீடிக்கும். சூரிய ஒளித் தகடு வைக்கலாமே எனலாம். வைப்பதும் உண்டு. ஆயினும் மேகமும் மூடுபனியும் வாரக்கணக்கில் மறைக்கும் நாட்களே ஆபத்து மிகுந்த நாட்கள் என்பதை மறத்தலாகாது.

அதே பெருக்கியை ஒரு மைக்ரோ ஆம்பியரில் இயங்குமாறு வடிவமைத்தால், ஆறு ஆண்டுக் கணக்கில் சில வாரங்களே குறையும். மூன்று வோல்ட்டில் ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது மூன்று மைக்ரோ வாட்டு. மூலமற்றம் நிலையத்தின் ஆற்றல் இதைப்போல் ஏறத்தாழ 2.6 கோடி கோடி மடங்கு. ஒரே மாவட்டத்துக்குள் இவ்விரு எல்லைகளும் அடங்கியிருப்பது வியப்புக்குரியதன்றோ?

கைக்கடிகாரம் தந்த பாடம்

தொகுப்புச் சுற்று 1958, 1959ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஜாக் கில்பி, ராபர்ட் நாய்ஸ் ஆகியோரின் உழைப்பால் உருவாயிற்று. 1960களின் நடுவில் ராபர்ட் விட்லர் என்பார் பெருக்கிகளைச் சில்லில் அமைக்கும் நுட்பங்களைக் கண்டார். 1968இல் வெளிவந்த 741 என்னும் பெருக்கி இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர் கையில் முதன்முதல் தவழும் சில்லாகும். அதன் செலவு ஏறத்தாழ 1.7 மில்லி ஆம்பியர். சுவரில் செருகி இயக்கும் கருவிக்கு இது பெரிதன்று. நம் சரிவுக் கருவிக்கோ பெருஞ்சுமை.

சிக்கனத்தின் பாடத்தை உலகுக்குக் கற்பித்தவர்கள் கடிகாரம் செய்தவர்களே. சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் நகரத்து மின்னணுக் கடிகார ஆய்வு மையத்தில் 1967ஆம் ஆண்டு குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முதல் மாதிரிகள் உருவாயின. 1969 டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானிய சீக்கோ நிறுவனத்தார் அத்தகைய கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். பொத்தான் அளவு பாட்டரி ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டுமாயின் கடிகாரச் சில்லு சில மைக்ரோ ஆம்பியர் அளவிலேயே ஓட வேண்டும். இந்நெருக்கடியில், எரிக் விட்டோஸ் என்னும் சுவிஸ் பொறியியலாளர் டிரான்சிஸ்டரின் புறக்கணிக்கப்பட்ட ஒரு பகுதியைக் கூர்ந்து ஆராய்ந்தார். அவரும் ஃபெல்ராத் என்பாரும் 1977இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையின் அடிப்படை நூல் போல் இன்றும் மதிக்கப்படுகின்றது.

கசிவைப் பயன்படுத்தல்

அவர் ஆராய்ந்தது என்ன? மாஸ் டிரான்சிஸ்டரில் வாயில் என்றோர் உறுப்பு உண்டு. அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் டிரான்சிஸ்டர் 'திறந்து' மின்னோட்டம் பாயும் என்று பாடநூல்கள் தொடக்கத்தில் கூறும். அவ்வளவைத் தொடக்க வோல்ட்டு என்போம். அதற்குக் கீழே மின்னோட்டம் சுழி என்று கொள்வது பழைய வழக்கம். உண்மை அதுவன்று. பாலக்காட்டுச் சித்தூர் வயல்களில் மடையை அடைத்த பின்னும் வரப்பின் ஊடே நீர் கசிவதைக் காண்கின்றோம். அதுபோலவே டிரான்சிஸ்டரிலும் தொடக்க வோல்ட்டுக்குக் கீழே மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கின்றது.

உவமை இதற்கு மேல் செல்லாது. நீரின் கசிவு ஒழுங்கற்றது. டிரான்சிஸ்டரின் கசிவோ கண்டிப்பான விதிக்குட்பட்டது. வாயிலின் மின்னழுத்தத்தை ஏறத்தாழ 80 மில்லி வோல்ட்டு கூட்டினால் மின்னோட்டம் பத்து மடங்காகும். இன்னும் 80 கூட்டினால் நூறு மடங்காகும். வெப்பத்தால் துள்ளும் எலக்ட்ரான்களுள் தடையைத் தாண்ட வல்லவை எத்தனை என்பதைப் பொறுத்தது இது. ஆதலின் வெப்பநிலையோடு இணைந்த ஒரு மின்னழுத்தம் இங்கே அளவுகோலாகின்றது. அறை வெப்பநிலையில் அதன் அளவு 26 மில்லி வோல்ட்டு. விதி அறிந்த கசிவு வீண் அன்று. வேலைக்கு ஆகும் மின்னோட்டமே. இந்நிலையை வலுக்குன்றிய நிலை என்றும், தொடக்க வோல்ட்டுக்கு மிக மேலான நிலையை வலுத்த நிலை என்றும் வழங்குவோம்.

பெருக்கியின் பயன், வாயிலின் சிறு அசைவுக்கு மின்னோட்டம் எவ்வளவு அசைகின்றது என்பதில் இருக்கிறது. இதனைக் கடத்துத் திறன் எனலாம். செலவிடும் மின்னோட்டத்தால் இத்திறனை வகுத்தால் நாம் கொடுத்த காசுக்குக் கிடைத்த பண்டத்தின் அளவு தெரியும். வலுத்த நிலையில் இவ்விகிதம் ஒரு வோல்ட்டுக்கு ஐந்து முதல் பத்து வரை. வலுக்குன்றிய நிலையில் இருபத்தைந்தை ஒட்டி. அதாவது அதே மின்னோட்டத்துக்கு மூன்று மடங்கு வேலை. இவ்விகிதத்தையே வடிவமைப்பின் முதற்படியாகக் கொள்ளும் முறையை 1996இல் சில்வெய்ரா, ஃபிளாண்டர், ஜெஸ்பர்ஸ் என்னும் மூவர் நெறிப்படுத்தினர். இன்று மாணவர் கற்க வேண்டிய முறைகளுள் தலையாயது இதுவே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பெருக்கியின் முனையில் 10 பிக்கோ ஃபாரடு மின்தேக்கி இருக்கின்றது. கடத்துத் திறன் ஒரு மைக்ரோ சீமன்ஸ் எனின், பெருக்கமும் அலைவெண்ணும் பெருக்கி வரும் அளவு ஏறத்தாழ 16 கிலோ ஹெர்ட்ஸ். நில அதிர்வில் நமக்கு வேண்டியவை விநாடிக்குச் சில பத்து அலைவுகளே. ஆதலின் நூறு மடங்கு பெருக்கம் கொண்டாலும் 160 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இதற்கு வலுக்குன்றிய நிலையில் வேண்டிய மின்னோட்டம் 40 நானோ ஆம்பியர் மட்டுமே. மெதுவாகப் பேசும் மலைக்கு மெதுவாகக் கேட்கும் காது போதும் என்பதே இதன் பொருள். விரைவு வேண்டாத இடத்தில் விரைவுக்கு விலை கொடாமையே குறைமின் வடிவமைப்பின் அடிப்படை அறிவாகும்.

கொடுக்க வேண்டிய விலைகள்

ஆயினும் சிக்கனத்திற்கு எல்லை உண்டு. முதல் எல்லை இரைச்சல். அணுக்களின் வெப்ப அசைவு ஒவ்வொரு சுற்றிலும் ஓயாத சிறு இரைச்சலை எழுப்புகின்றது. ஒரு பிக்கோ ஃபாரடு மின்தேக்கியில் சேமித்த மின்னழுத்தத்தில் இவ்விரைச்சல் ஏறத்தாழ 64 மைக்ரோ வோல்ட்டு. மின்தேக்கியை நூறு மடங்கு பெரிதாக்கினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகி 6.4 மைக்ரோ வோல்ட்டாகும். ஆனால் நூறு மடங்கு மின்தேக்கியை அதே விரைவில் நிரப்ப நூறு மடங்கு மின்னோட்டம் வேண்டும். இரைச்சலைப் பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு செலவு என்னும் இவ்விதியை எவரும் வென்றதில்லை. ஆதலின் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை மண்ணியல் அறிஞரிடம் முதலில் கேட்டு அறிதல் வேண்டும். வேண்டாத துல்லியம் பாட்டரியைத் தின்னும்.

இரண்டாவது எல்லை பொருந்தாமை. ஒரே சில்லில் அருகருகே வரைந்த இரு டிரான்சிஸ்டர்களும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவையே. ஆயினும் முற்றும் ஒன்றல்ல. அவற்றின் தொடக்க வோல்ட்டுகள் 5 மில்லி வோல்ட்டு வேறுபட்டால், வலுத்த நிலையில் மின்னோட்டம் நூற்றுக்கு நான்கு பங்கு வேறுபடும். வலுக்குன்றிய நிலையிலோ பன்னிரண்டு பங்குக்கு மேல் வேறுபடும். ஆகவே அனுபவசாலிகள் ஒரு விதி வைத்துள்ளனர். குறிப்பை ஏற்கும் முதல் இணையை வலுக்குன்றிய நிலையிலும், மின்னோட்டத்தைப் படியெடுக்கும் இணைகளை வலுத்த நிலையை நோக்கியும் அமைக்க வேண்டும். மேலும் டிரான்சிஸ்டரின் பரப்பை நான்கு மடங்காக்கினால் பொருந்தாமை பாதியாகும் என்பதை 1989இல் பெல்கிராம் முதலியோர் நிறுவினர். மின்சாரத்தைச் சேமிக்க இடத்தைச் செலவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

மூன்றாவது, தொடங்காமல் நின்றுவிடும் இயல்பு. தன் மின்னோட்டத்தைத் தானே நிர்ணயித்துக் கொள்ளும் சுற்றுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று நாம் விரும்பிய நிலை. மற்றொன்று எதுவும் ஓடாத சுழி நிலை. பாட்டரியை இணைத்ததும் சுற்று சுழி நிலையிலேயே அமர்ந்துவிடலாம். தூண்டி எழுப்புவதற்கென்று தனியே ஒரு சிறு சுற்று வைக்க வேண்டும். எழுப்பிய பின் அதுவும் மின்சாரம் தின்னாமல் ஒதுங்க வேண்டும். கணினியில் சோதிக்கும்போது கணினி தானே விரும்பிய நிலையைத் தேர்ந்து காட்டிவிடுவதுண்டு. அதனால் மாணவர் ஏமாறக் கூடும். பாட்டரியின் மின்னழுத்தம் மெல்ல ஏறுவதுபோல் வைத்தும், சட்டென ஏறுவதுபோல் வைத்தும், குளிரிலும் வெம்மையிலும் சோதித்தல் வேண்டும். மூணாற்றுக் குளிர்காலத்தில் உறைநிலையை எட்டும் விடியற்காலைகள் உண்டு. பாலக்காட்டுக் கோடையில் வெப்பம் 40 பாகையை எட்டும். இரண்டிலும் ஒரே சில்லு இயங்க வேண்டும்.

நான்காவது, சில்லுக்கு வெளியே உள்ள தொல்லை. பத்து மெகா ஓம் கொண்ட சோதனைமுனையை ஒரு வோல்ட்டு உள்ள இடத்தில் தொட்டால் அம்முனையே 100 நானோ ஆம்பியரை இழுத்துக் கொள்ளும். 40 நானோ ஆம்பியரில் ஓடும் பெருக்கியை அவ்வாறு அளக்கப் புகுவது, ஒரு குவளைப் பாலைப் பெரிய அண்டாவில் ஊற்றி அளப்பது போலாம். அதற்கெனத் தனித் தாங்கிச் சுற்றைச் சில்லிலேயே அமைத்தல் வேண்டும். ஈரமும் அத்தகையதே. பற்றாசு வைத்த பலகையில் அழுக்கும் சாரலின் ஈரமும் படிந்து, இரு கம்பிகளுக்கிடையே 100 மெகா ஓம் அளவுக்குக் கசிவு ஏற்பட்டால், 3 வோல்ட்டில் 30 நானோ ஆம்பியர் வீணே ஓடும். சில்லின் சிக்கனம் முழுவதையும் பலகையின் அழுக்கு விழுங்கிவிடும். ஆதலின் பலகையைக் கழுவுதலும், காப்புப் பூசுதலும், பெட்டியை நீர்புகாமல் அடைத்தலும் வடிவமைப்பாளர் கடமையிற் சேர்ந்தவையே.

கற்கும் வழி

இனி, இதனைக் கற்க விரும்புவோர் எங்ஙனம் தொடங்கலாம் என்பதைக் காண்போம். முதலில் மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் அடிப்படைக் கணக்குகள் கைவர வேண்டும். அதன்பின் துளைப்பலகையில் தனித்தனி உறுப்புகளைக் கொண்டு ஒரு பெருக்கியைக் கட்டி, கணக்கிட்டதற்கும் அளந்ததற்கும் உள்ள வேறுபாட்டின் காரணத்தை ஆராய வேண்டும். இப்பழக்கம் இன்றிக் கணினியில் நேரே இறங்குவோர், எண்களைப் பெறுவர், பொருளைப் பெறார்.

அடுத்தது கணினிச் சோதனை. முன்னாளில் இதற்கான மென்பொருள்கள் பெரு நிறுவனங்களுக்கே எட்டுவனவாய் இருந்தன. சில்லு செய்யும் ஆலையின் விவரங்களோ மறைபொருளாய்ப் பூட்டப்பட்டிருந்தன. 2020ஆம் ஆண்டு கூகுள் நிறுவனமும் ஸ்கைவாட்டர் ஆலையும் சேர்ந்து, 130 நானோ மீட்டர் முறைக்குரிய ஆலை விவரங்களை யாவரும் காணத் திறந்துவிட்டன. என்ஜிஸ்பைஸ், எக்ஸ்ஸ்கீம், மேஜிக், கேலேஅவுட் ஆகிய இலவச மென்பொருள்களைக் கொண்டு, ஒரு சாதாரணக் கணினியில் சுற்றை வரைந்து, சோதித்து, சிலிக்கனில் அமையும் வடிவத்தையும் வரைந்து பார்க்க இன்று இயலும். சிறு வடிவங்கள் பலவற்றை ஒரே சில்லில் சேர்த்து அச்சிடும் டைனி டேப்அவுட் போன்ற முயற்சிகளும் உள. அவ்வழியில் முன்னணியில் நின்ற ஈஃபேப்லஸ் நிறுவனம் 2025இல் மூடப்பட்டது. ஆதலின் ஒரே கதவை நம்பியிராமை நன்று.

நம் நாட்டிலும் வழிகள் உள. மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வகம் 180 நானோ மீட்டர் முறையில் சில்லு செய்கின்றது. தொடர்முறைச் சுற்றுகளுக்கு இம்முறை பழையதன்று, மிகவும் ஏற்றதே. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய 'சில்லு முதல் தொழில்முனைவு வரை' என்னும் திட்டம் 85,000 பேரைப் பயிற்றுவிக்கும் குறிக்கோள் உடையது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு விலையுயர்ந்த மென்பொருள்களும் கிடைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் நாகேந்திர கிருஷ்ணபுரா, சாந்தி பவன் முதலிய பேராசிரியர்களின் விரிவுரைகள் என்.பி.டெ.ல். வாயிலாக இல்லத்திலிருந்தே கேட்கக் கிடைக்கின்றன, அவற்றுக்குக் கட்டணமில்லை.

எல்லைப்புறத்து மாணவர்க்கு அருகிலேயே கல்விச்சாலைகள் இருப்பதும் கருதத் தக்கது. பாலக்காடு அகத்தேத்தறையில் என்.எஸ்.எஸ். பொறியியற் கல்லூரி 1960 முதல் இயங்குகின்றது. 2015இல் பாலக்காட்டுக்கு ஐ.ஐ.டி. வந்தது. இடுக்கியின் பைனாவில் அரசுப் பொறியியற் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் உள்ளது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையின் கிளை ஏற்பட்ட நாள்தொட்டு மின்னணுத் தொழிலும் இப்பகுதிக்குப் புதிதன்று.

மொழி பற்றியும் ஒரு சொல். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பகுதிகளில் தமிழ் வழியாகப் பள்ளிக்கல்வி பெறும் பிள்ளைகள், உயர்கல்வியில் ஆங்கிலத்தையும் சுற்றுமுற்றும் மலையாளத்தையும் ஒருங்கே எதிர்கொள்கின்றனர். சுற்று விளங்காமையும் சொல் விளங்காமையும் வெவ்வேறு. பின்னதை முன்னதாக எண்ணி மனந்தளர்வோர் பலர். ஒரு கருத்தை முதலில் தாய்மொழியில் தமக்குத் தாமே சொல்லிப் பார்ப்பது, அதனைப் பற்றிக்கொள்வதற்குச் சிறந்த வழி. இரைச்சல், கசிவு, படியெடுத்தல், தூண்டி எழுப்புதல் என்று சொல்லிப் பார்த்தால் இக்கலை அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆங்கிலச் சொல்லைப் பின்னர் அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

கற்பவர் எடுத்துக்கொள்ளத் தக்க முதற் பணிகள் மூன்றைக் குறிப்பிடலாம். முதலாவது, வெப்பநிலை மாறினும் மாறாத ஆதார மின்னழுத்தச் சுற்று. சிலிக்கனின் இயல்போடு ஒட்டிய 1.2 வோல்ட்டை அண்டி இதனை அமைக்கும் முறை 1970களின் தொடக்கம் முதலே புகழ்பெற்றது. இரண்டாவது, நூறு நானோ ஆம்பியருக்குள் இயங்கும் ஒரு பெருக்கி. மூன்றாவது, குறிப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் உறங்கும் கணிப்பொறியை எழுப்பும் ஒப்பீட்டுச் சுற்று. இம்மூன்றும் சேர்ந்தால் அதுவே சரிவில் விழித்திருக்கும் காவற்காரன். ஒவ்வொரு பணியையும் தொடங்குமுன் ஒரு தாளில் மின்னோட்டத்தின் வரவு செலவுக் கணக்கை எழுதிவைத்தல் நலம். எந்த உறுப்புக்கு எத்தனை நானோ ஆம்பியர், அதற்குக் கைம்மாறாக அது தருவது யாது என்று எழுதி, விடை தெரியாத வரியை அடித்துவிடத் துணிய வேண்டும்.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். சில்லு மலையைத் தாங்கிப் பிடிக்காது. அது தரும் செய்தியைப் படிக்க ஆள் வேண்டும். அச்செய்தி நள்ளிரவிலும் குடியிருப்பின் கதவைத் தட்ட வேண்டும். எழுந்தவர் ஓடிச் சேரப் பாதுகாப்பான இடம் இருத்தல் வேண்டும். சரிவின் அடியில் குடியிருப்புகளைக் கட்டாதிருப்பது இவை எல்லாவற்றினும் முதன்மையானது. ஆயினும் இருக்கும் குடியிருப்புகள் இருக்கும் வரை காவல் வேண்டும். அக்காவல் மழையின் நடுவில் உயிரிழக்காதிருத்தல் வேண்டும். ஒரு மில்லி ஆம்பியருக்கும் ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் உள்ள வேறுபாடு, தாளில் மூன்று சுழிகளே. மலையடியில் உறங்கும் குடும்பத்துக்கோ அது ஆகஸ்டுத் திங்களின் கடைசி வாரத்தில் காவல் உண்டா இல்லையா என்னும் வேறுபாடு. அம்மலைகளிலேயே பிறந்து, அங்கத்து மழையையும் மண்ணையும் அறிந்த இளைஞர் சிலரேனும் இக்கலையைக் கற்று வல்லுநர் ஆவாராயின், அக்காவலை ஒவ்வொரு சரிவிலும் நிறுத்துதல் எளிதாகும்.